முன்னுரையைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையைப் பார்க்கிறோம், பின்னட்டையைப் படிக்கிறோம். அப்புறம் பத்திருபது பக்கங்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, 'அத்தியாயம் 1' என்று இருக்கும் இடத்தில் ஆரம்பிக்கிறோம். புரட்டித் தள்ளிய பக்கங்களில்தான் எழுதியவர் தன் சொந்தக் குரலில் பேசியிருப்பார். இதை ஏன் எழுதினேன், எத்தனை வருடம் ஆனது, யாருக்குப் பயந்தேன், யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பதெல்லாம் அங்கே இருக்கும். முன்னுரையைப் படிக்காமல் விடுவது முதல் தவறு. அதைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை, படித்தால் தீர்ந்தது. முன்னுரையை விரும்பிப் படிக்கிறவர்களே செய்கிற தவறுகள் சில உண்டு. நானும் அவற்றைச் செய்திருக்கிறேன். அவற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். முன்னுரை புத்தகத்தில் முதலில் இருக்கும், ஆனால் பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். வேலை முடிந்த களைப்பு, அச்சுக்குப் போகும் அவசரம், படிப்பவர்கள் என்ன சொல்வார்களோ என்ற கவலை எல்லாம் சேர்ந்து அதை எழுதுகின்றன. 1605இல் வந்த 'டான் குயிக்ஸாட்' நாவலின் முன்னுரையில் செர்வான்டெஸ் இதை ஒளிக்காமல் சொல்கிறார். புத்தகத்தை எழுதப் பட்ட பாட்டைவிட இந்த முன்னுரைக்குப் பட்ட பாடு பெரிதாம். எதிரே காகிதம், காதில் செருகிய பேனா, மேசையில் ஊன்றிய முழங்கை, கன்னத்தில் கை. அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு நண்பர் உள்ளே வந்தார் என்று எழுதுகிறார். புத்தகத்தை முடித்துவிட்டு, அதை என்ன சொல்லி ஊருக்கு அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொண்டு படித்தால் எந்த முன்னுரையும் வேறு மாதிரி ஒலிக்கும்.

யார் எழுதியது என்று பார்க்காமல் படிப்பது

நூலின் முன்பக்கங்களில் இருப்பதையெல்லாம் நாம் பொதுவாக முன்னுரை என்றே சொல்லிவிடுகிறோம். என்னுரை ஆசிரியருடையது. அணிந்துரையும் வாழ்த்துரையும் மற்றவர்கள் தருவது. பதிப்புரை பதிப்பித்தவருடையது. இவற்றைக் குழப்பிக்கொண்டால், ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் ஏற்றிவிடுவோம்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கோப்பர்நிக்கஸின் நூலைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்ட அவருடைய நூல் 1543இல் நியூரம்பர்க் நகரில் அச்சானது. அச்சுப் பணியைக் கடைசியில் கவனித்துக்கொண்டவர் ஆண்ட்ரியாஸ் ஓசியாண்டர் என்ற மதகுரு. அவர் 'வாசகருக்கு' என்று தொடங்கும் ஒரு சிறு முன்னுரையை, தன் பெயரைப் போடாமல், நூலின் தொடக்கத்தில் சேர்த்துவிட்டார். இந்த நூலில் உள்ள கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு சரியாக வந்தால் போதும் என்பது அதன் சாரம். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உழைத்து 'உலகம் இப்படித்தான் இருக்கிறது' என்று சொல்ல வருகிறார். வாசலிலேயே இன்னொருவர் நின்றுகொண்டு 'அவர் சும்மா கணக்குக்காகச் சொல்கிறார்' என்கிறார். கோப்பர்நிக்கஸ் அதே வருடம் மே மாதம் இறந்துபோனார். அவருடைய நண்பர் டீடமன் கீசே கொதித்துப்போய் எழுதினார், ஆனாலும் அந்தப் பக்கம் நூலில் அப்படியே நின்றது. ஓசியாண்டர்தான் அதை எழுதினார் என்பதை 1609இல் வானியலாளர் கெப்ளர் தன் நூலில் எல்லோரும் பார்க்கும்படி அச்சிட்டார். அதுவரை அறுபத்தாறு வருடங்கள், அந்த வார்த்தைகளை கோப்பர்நிக்கஸே சொன்னதாக எடுத்துக்கொண்டவர்கள் பலர்.

இத்தனைக்கும் தடயம் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. நூலாசிரியர் கண்டிக்கத்தக்க எதையும் செய்துவிடவில்லை என்று அது படர்க்கையில் பேசுகிறது. தன்னைப் பற்றி எழுதுகிறவர் அப்படி எழுதமாட்டார். சில பக்கங்கள் தள்ளி கோப்பர்நிக்கஸ் உண்மையிலேயே எழுதிய முகவுரை இருக்கிறது. போப் மூன்றாம் பாலுக்குச் சமர்ப்பணமாக எழுதியது. கேலிக்குப் பயந்து இதை நெடுங்காலம் வெளியிடாமல் வைத்திருந்தேன் என்று அதில் ஒப்புக்கொள்கிறார், கணிதம் கணிதம் அறிந்தவர்களுக்காகவே எழுதப்படுகிறது என்றும் சொல்கிறார். பயமும் ரோஷமும் ஒரே மனிதரிடம் இருப்பது அங்கேதான் தெரிகிறது. கையெழுத்து இல்லாத பக்கத்தோடு நின்றவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் 1818இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தபோது அதில் இருந்த முன்னுரை, எழுதியவரே 'நான்' என்று பேசுவதுபோல இருக்கும். அதை எழுதியவர் மேரி ஷெல்லியின் கணவர் பெர்சி ஷெல்லி. இதைச் சொன்னதும் மேரிதான், 1831 பதிப்புக்குத் தன் பெயரில் எழுதிய அறிமுகத்தில். ஜெனீவா ஏரிக்கரையில் மழையில் அடைபட்டுக் கிடந்த 1816ஆம் ஆண்டுக் கோடை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்ற பேச்சு, தனக்கு மட்டும் கதை வராமல் தவித்த நாட்கள், தூக்கம் வராத இரவில் கண்ட காட்சி எல்லாம் அதில் வருகின்றன. இரண்டு முகவுரைகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். முதலாவது நூலின் நோக்கத்தைக் காத்துப் பேசுகிறது. இரண்டாவதில், பதினெட்டு வயதுப் பெண்ணாகத் தான் இருந்ததை முப்பத்து நான்கு வயதில் திரும்பிப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். நடுவில் கணவரையும் குழந்தைகளையும் பறிகொடுத்தவர்.

எந்தப் பதிப்பு என்று கவனிக்காதது

மேலே சொன்னதிலேயே இது தெரிந்திருக்கும், ஆனாலும் தனியாகச் சொல்லியாக வேண்டும். மறுபதிப்பின் முன்னுரை என்பது பெரும்பாலும் ஒரு பதில். முதல் பதிப்பைப் படித்தவர்கள் ஏதோ சொல்லியிருப்பார்கள், அதற்கு ஆசிரியர் இங்கே மறுமொழி சொல்வார். ஆஸ்கர் வைல்டின் 'டோரியன் கிரேயின் ஓவியம்' 1890இல் பத்திரிகையில் வந்தபோது ஒழுக்கக்கேடானது என்று விமர்சகர்கள் பாய்ந்தார்கள். ஒழுக்கமான புத்தகம், ஒழுக்கமற்ற புத்தகம் என்று எதுவும் கிடையாது, நன்றாக எழுதியது மோசமாக எழுதியது என்றுதான் உண்டு என்று சொல்லும் அந்தப் புகழ்பெற்ற முன்னுரை 1891இல்தான் சேர்ந்தது. இது தெரியாமல் படித்தால் கலைக் கொள்கைப் பிரகடனம் போல இருக்கும். தெரிந்து படித்தால், அடிபட்ட ஒருவர் திருப்பி அடிப்பது கேட்கும்.

டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' இதற்கு மறுபக்கம். 1859 முதல் பதிப்பின் அறிமுகத்தில், வேலை முடிய இன்னும் இரண்டு மூன்று வருடங்கள் ஆகும், உடம்பும் சரியில்லை, மலாய்த் தீவுகளில் இருக்கும் இயற்கையியலாளர் வாலஸ் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்துவிட்டார், அதனால் இந்தச் சுருக்கத்தை வெளியிடுகிறேன் என்று எழுதுகிறார். அவசரம் வெளிப்படையாகத் தெரிகிறது. தனக்கு முன்னால் இதுபற்றி யோசித்தவர்களைப் பட்டியலிடும் வரலாற்றுக் குறிப்பு இங்கிலாந்தில் 1861இல், மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. முன்னோடிகளைச் சொல்லவில்லையே என்ற குறைகளுக்குப் பிறகு வந்த பக்கம் அது. இன்று கையில் கிடைக்கும் பிரதியில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், டார்வின் ஒரே மூச்சில் எழுதியதாகத் தோன்றும்.

அதனால் முன்னுரையின் கடைசி வரியை முதலில் பாருங்கள். தேதியும் இடமும் அங்கேதான் இருக்கும். காந்தியின் 'சத்திய சோதனை' முன்னுரையின் கீழே ஆசிரமம், சபர்மதி, 1925 நவம்பர் 26 என்று இருக்கிறது. சுயசரிதை எழுதுவது மேற்கத்தியப் பழக்கம் ஆயிற்றே, நாளைக்கு உங்கள் கொள்கை மாறினால் இதைப் பின்பற்றியவர்கள் கதி என்ன என்று ஒரு நண்பர் கேட்டதையும் அதிலேயே எழுதியிருக்கிறார். எழுதத் தொடங்கும்போதே மனத்தில் இருந்த தயக்கம் அது. தேதியோடு சேர்த்துப் படித்தால், அதற்குப் பிறகு தண்டி யாத்திரை முதல் எத்தனையோ நடக்க இருக்கின்றன, அவை எதுவும் தெரியாத ஒருவர் பேசுகிறார் என்பது புரியும்.

பணிவை அப்படியே எடுத்துக்கொள்வது, புகழ்ச்சியையும்தான்

'ஏதோ எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன்' என்ற வரி இல்லாத முன்னுரை குறைவு. நம் மரபில் இதற்கு அவையடக்கம் என்று பெயரே உண்டு. பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனையைப் போல ராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்கிறார் கம்பர். பத்தாயிரம் பாடல்களைப் பாடியவர்! இதைப் படித்துவிட்டு 'பாவம், அவருக்கே நம்பிக்கை இல்லை' என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் இன்றைய எழுத்தாளர் அதே மாதிரி எழுதினால் நம்பிவிடுகிறோம். பணிவு வழக்கம். அந்த வழக்கத்தை ஒருவர் எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் அவர் தெரிவார். கம்பர் தேர்ந்தெடுத்த உவமையில் பூனை சின்னது, ஆனால் கடலின் அளவு நம் கண்முன் வந்துவிடுகிறது.

அணிந்துரைக்கும் இதே கதைதான். 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்பது நன்னூல். தன்னைத்தானே புகழக் கூடாது என்பதால், சிறப்புப் பாயிரம், அதாவது நூலையும் ஆசிரியரையும் அறிமுகம் செய்யும் முன்னுரை, எழுத உரியவர்கள் யார் என்றும் அது சொல்கிறது. ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரை எழுதியவர். எல்லோரும் வேண்டியவர்கள்! ஆகவே அணிந்துரையை மதிப்புரையாக நினைத்துப் படித்தால் ஏமாற்றம்தான். வேண்டியவர் ஒருவரின் வார்த்தை என்று நினைத்துப் படித்தால், நூலாசிரியரைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத செய்தி ஒன்றாவது கிடைக்கும்.

இதே நன்னூல் பாயிரத்தில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் பட்டியல் எனக்கு ரொம்பப் பயன்பட்டிருக்கிறது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் சேர்ப்பவர்கள் உண்டு என்றும் சொல்கிறது. எந்த மொழி நூலானாலும் முன்னுரையில் இந்தப் பதினொன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்ப்பேன். இல்லாதது பெரும்பாலும் 'வழி', அதாவது யாரைப் பின்பற்றி எழுதினார் என்பது. அதைச் சொல்லாத முன்னுரையைக் கொஞ்சம் நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

கதையின் பகுதியான முன்னுரையை நம்பிவிடுவது

1719இல் வந்த 'ராபின்சன் குரூசோ' முன்னுரையில் 'பதிப்பாசிரியர்' ஒருவர் இது நடந்த வரலாறு, கற்பனையின் சாயலே இல்லை என்கிறார். எழுதியவர் டேனியல் டிஃபோ, கதையும் கற்பனை. பழைய கையெழுத்துப் பிரதி கிடைத்தது, ஒரு மருத்துவர் தந்த குறிப்பு என்றெல்லாம் நாவல் தொடங்கினால், அது முதல் அத்தியாயத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட கதையாக இருக்கலாம். கீழே கையெழுத்திட்டவர் நிஜமாக இருந்தவரா என்று ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

அறிஞர் எழுதிய அறிமுகத்தை முதலிலேயே படிப்பது

ஒரு செவ்வியல் நாவலை ஆசையாக எடுத்து, முன்னால் இருந்த நாற்பது பக்க ஆய்வு அறிமுகத்தை ஒழுங்காகப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நாயகி எப்படிச் சாகிறாள் என்று இருந்தது. எழுதியவர் மேல் தவறில்லை, அவர் ஏற்கெனவே படித்தவர்களோடு பேசுகிறார். ஆசிரியரின் முன்னுரையை முதலில் படியுங்கள், அறிஞரின் அறிமுகத்தைக் கடைசியில்.

நன்றிப் பட்டியலைத் தாண்டிப் போவதும் இப்படித்தான். 'தட்டச்சு செய்து கொடுத்து, மேற்கோள்களைச் சரிபார்த்து, பிழைதிருத்திய என் மனைவிக்கு' என்ற ஒரு வரியை நிறுத்திப் படித்தால், அட்டையில் பெயர் இல்லாத ஒருவரின் பல வருட உழைப்பு அங்கே இருக்கிறது.

ஒருமுறை படித்ததோடு விட்டுவிடுவது

இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. புத்தகத்தை முடித்த பிறகு முன்னுரைக்குத் திரும்ப வேண்டும்.

சாமுவேல் ஜான்சன் 1747இல் ஆங்கில அகராதிக்குத் திட்டம் எழுதியபோது, மொழியை மாறாமல் நிலைநிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையோடு எழுதினார். 40,000க்கும் மேற்பட்ட சொற்களோடு 1755இல் அகராதி வந்தபோது, முன்னுரையில் அந்த நம்பிக்கையைத் தானே கைவிடுகிறார். மொழி மாறும், அதைத் தடுக்க அகராதிக்காரனால் ஆகாது என்கிறார். பெரிய மனிதர் எவருடைய ஆதரவும் இல்லாமல் எழுதியது என்கிறார். சில வாரங்களுக்கு முன்புதான், வேலையெல்லாம் முடிந்த பிறகு பாராட்ட வந்த செஸ்டர்ஃபீல்ட் பிரபுவுக்குக் கடுமையான கடிதம் எழுதியிருந்தார். நோயிலும் துயரத்திலும் எழுதியது என்கிறார். மனைவி 1752இல் இறந்திருந்தார்.

முதல்முறை படிக்கும்போது இவை அழகான வாக்கியங்கள். அகராதியைப் புரட்டி, சொற்களுக்கு அவர் தேடித் தேடி வைத்த மேற்கோள்களைப் பார்த்துவிட்டு முன்னுரையின் முடிவுக்கு வாருங்கள். யாரை மகிழ்விக்க நினைத்தேனோ அவர்களில் பெரும்பாலோர் கல்லறைக்குப் போய்விட்டார்கள், இனி வெற்றியும் தோல்வியும் வெற்று ஒலிகள் என்கிறார். ஆகவே பழிக்கு அஞ்சவும் புகழை எதிர்பார்க்கவும் பெரிதாக ஒன்றும் இல்லாமல், உறைந்த அமைதியோடு இதை அனுப்பிவைக்கிறேன் என்று முடிக்கிறார். அந்த வரிக்குப் பிறகு ஆங்கில மொழியின் வரலாறும் இலக்கணமும் வருகின்றன, அதன் பிறகு அகராதி 'ஏ' என்ற எழுத்தில் தொடங்குகிறது.