சிலியின் வரைபடத்தில் கண் ஏமாறும் இடங்கள்

மேற்கே பசிபிக், கிழக்கே ஆண்டிஸ். இதைப் பார்த்ததும் பலர் ஒரு கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: கடல் காற்று மலையில் மோதும், மழை கொட்டும். மேற்குத் தொடர்ச்சி மலையை வைத்துப் படித்த பாடம் அது. தென் சிலிக்குப் பொருந்தும். வட சிலிக்கு அதையே எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

வடகோடியில் உள்ள துறைமுக நகரம் அரிக்கா. அங்கே ஆண்டுச் சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் என்று கேட்பது தவறு. கடலும் சேர்ந்துதான் அந்த வறட்சியை உண்டாக்குகிறது. தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றை அடியில் குளிர்வித்துவிடுகிறது. மேலே இருப்பதோ உயர் அழுத்தத்தால் இறங்கிச் சூடேறிய காற்று. குளிர்ந்த காற்று அந்த மூடியைத் தாண்டி எழ முடியாது. எழாத காற்றில் மழைமேகம் திரளாது. மூடுபனி மட்டும் வரும். 'கமாஞ்சாக்கா' என்பது அதன் உள்ளூர்ப் பெயர். சரிவுகளில் கம்பம் நட்டு வலை கட்டியிருப்பார்கள். பனித்துளிகள் இழையில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, கீழே உள்ள குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கும்.

அமேசான் பக்கத்து ஈரத்தையும் ஆண்டிஸ் மறித்துவிடுகிறது. ஆகவே வடக்கே மழை மறைவுப் பகுதி, அதாவது மலை ஈரக்காற்றைத் தடுப்பதால் வறண்டுபோகும் பக்கம், மலைக்கு மேற்கில். தெற்கே மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று வீசுவதால் அது கிழக்கில், அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில். மழை மறைவுப் பகுதியை மலையின் ஒரே பக்கமாக நிழலிட்டுக்கொண்டு போகும் கை இங்கேதான் தடுமாறும்.

வட சிலியின் பாலைவனமான அட்டகாமா என்றதும் கொதிக்கும் மணல்மேடுகளை நினைக்க வேண்டாம். பெரும்பகுதி கல்லும் உப்புத் தரையும்தான். கரையோரம் குளுமையாகவே இருக்கும். ஆண்டிஸின் மிக உயர்ந்த சிகரமான அக்கோன்காகுவா சிலியில் இல்லை, அர்ஜென்டினாவில். சிலியின் மிக உயர்ந்த சிகரம், அர்ஜென்டினா எல்லையில் நிற்கும் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலை, 6,893 மீட்டர்.

மலை ஒரே வரிசை என்பதும் பிழை. கரையோரம் தாழ்ந்த தொடர் ஒன்று, கிழக்கே ஆண்டிஸ், இடையே தலைநகர் சாண்டியாகோ இருக்கும் நடுப் பள்ளத்தாக்கு. புவேர்ட்டோ மான்ட் நகருக்குத் தெற்கே அந்தப் பள்ளத்தாக்கு கடலுக்குள் இறங்கிவிடுகிறது. கரையோரத் தொடர் சிலோயே போன்ற தீவுகளாகத் தலைநீட்டுகிறது.

நாட்டின் நீளம் சுமார் 4,300 கிலோமீட்டர் என்று படித்துவிட்டு, வடக்கிலிருந்து தெற்கே ஒரே சாலையில் போய்விடலாம் என்று திட்டமிடுவோர் உண்டு. தென்கோடிப் புன்ட்டா அரேனாசுக்குச் சாலை வழியாகவே போக வேண்டுமென்றால் அர்ஜென்டினாவுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். சிலியை விட்டு வெளியேறாமல் போக, கப்பல் அல்லது விமானம்தான்.