ஸ்பானியப் பீங்கான் பொம்மை: முத்திரையை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்

ஸ்பெயின் பீங்கான் பொம்மை ஒன்று கையில் கிடைத்தால் பலரும் முதல் வேலையாக அதைத் தலைகீழாகத் திருப்புவார்கள். அடியில் நீல முத்திரை இருந்தால் முகம் மலரும். இல்லையென்றால் ஓரமாக வைத்துவிடுவார்கள். இரண்டுமே அவசரம்.

இந்தப் பொம்மைகளில் பெரிய பெயர் லாட்ரோ (Lladró). ஸ்பெயினில் ‘யாத்ரோ’ என்பார்கள். வலென்சியாவை ஒட்டிய அல்மாசெரா ஊரில் ஹுவான், ஹொசே, விசெந்தே என்ற மூன்று சகோதரர்கள் 1950-களில் தொடங்கிய தொழில் இது. 1958-ல் பக்கத்திலுள்ள தாவெர்னெஸ் பிளாங்கசுக்கு மாறினார்கள். இன்று எல்லோருக்கும் தெரிந்த நீல மணிப்பூ முத்திரை 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தைய பொம்மைகளில் பெயர் மண்ணிலேயே அழுத்தியோ கீறியோ இருக்கும், நீலம் இருக்காது. நீல முத்திரையின் ஆரம்ப வடிவத்திலும் கடைசி ‘ஓ’ எழுத்தின் மேல் சாய்கோடு கிடையாது. கோடு இல்லாததால் போலி என்று முடிவு கட்டுகிறவர்கள் நல்ல பழைய பொம்மையைக் கை நழுவ விடுகிறார்கள்.

அடுத்த குழப்பம் ஆண்டு. முத்திரையோடு ‘டைசா’ என்ற பெயரும் ஓர் ஆண்டும் இருந்தால், அது வடிவமைப்பின் காப்புரிமை ஆண்டு. அந்தப் பொம்மை சூளையிலிருந்து வந்த ஆண்டு அல்ல. நன்றாக விற்ற வடிவத்தை வருடக்கணக்கில் செய்துகொண்டே இருப்பார்கள். ஆகவே 1985 என்று போட்டிருப்பதை வைத்து வயது சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். அடியில் பதிந்திருக்கும் மாதிரி எண்தான் உபயோகமானது. அதை வைத்துத் தேடினால் பொம்மையின் பெயர், வெளிவந்த காலம், நிறுத்தப்பட்ட காலம் எல்லாம் கிடைக்கும்.

‘நாவோ’ என்று எழுதியிருந்தால் அதுவும் இதே நிறுவனத்தின் தயாரிப்புதான், ஆனால் எளிமையான, விலை குறைந்த வரிசை. அந்த முத்திரையிலும் லாட்ரோ பெயர் வருவதால், விற்பவர் அதை மட்டும் படித்துக் காட்டுவார். காசடெஸ், டெங்ரா, ரெக்ஸ், மிகேல் ரெக்கேனா எல்லாம் வேறு ஸ்பானியப் பட்டறைகள். அதே நீண்ட கழுத்து, அதே வெளிர் சாம்பலும் நீலமும், அதே வாத்தும் கூடையும். சொந்தப் பெயரில் வந்தவற்றைப் போலி என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் சாயலை மட்டும் பார்த்து லாட்ரோ விலை கொடுக்கக் கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும்: பழுப்பு நிறத்தில், பளபளப்பில்லாமல், மண் சிலை போல இருக்கும் ‘கிரெஸ்’ வகையை லாட்ரோவே இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். அதுவும் அவர்களுடையதுதான்.

முத்திரையின் ஒரு பகுதியைச் சுரண்டி எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் அது தொழிற்சாலையே குறையுள்ளது என்று கழித்த இரண்டாம் தரத்தின் அடையாளம்.

சரி, அடிப்பாகம் பார்த்தாயிற்று. இனிப் பொம்மையை நிமிர்த்துங்கள். விலை உண்மையில் விரல் நுனியில் இருக்கிறது. பூக்கூடை ஏந்திய பெண் என்றால் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் கையால் செய்து ஒட்டியது. கண்ணாடித்தாள் போல மெலிந்த அந்த ஓரம் தொட்டாலே உதிரும். இதழ்கள், விரல்கள், வாத்தின் அலகு, நாயின் காது, குடைக்கம்பி என்று வரிசையாக, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். பொதுவாக லாட்ரோ பொம்மைகளில் நிறத்தைத் தீட்டி, அதன் மேல் மெருகு பூசி, ஒரே சூட்டில் சுடுவார்கள். அதனால் நிறம் மெருகுக்கு அடியில் இருக்கும். ஒரு மணிக்கட்டில் மட்டும் நிறம் மேலே படிந்ததுபோல் தெரிந்தாலோ, நகம் வழுக்காமல் லேசாகப் பிடித்தாலோ, அங்கே யாரோ ஒட்டிச் சாயம் பூசியிருக்கலாம். இருட்டறையில் புற ஊதா விளக்கடித்தால் பல நேரம் பசையும் புதுச் சாயமும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து வேறுபட்டு ஒளிரும். ஒட்டுப்போட்ட பொம்மையை வாங்கக் கூடாது என்றில்லை. முழுப் பொம்மையின் விலையில் வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இனி விலை. இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை வேறு, உண்மையில் விற்றுப்போன விலை வேறு. பார்க்க வேண்டியது இரண்டாவதை. ஷோரூம் விலையும் காப்பீட்டுக்காகக் குறித்த தொகையும் மறுவிற்பனையில் உதவாது. இந்தியச் சந்தையை மனதில் வைத்து லாட்ரோ செய்யும் பிள்ளையார், லட்சுமி சிலைகளை முதலீடு என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் பேரப்பிள்ளை விற்று வீடு கட்டுவான் என்று நினைக்காதீர்கள். ‘தயாரிப்பு நிறுத்தப்பட்டது’ என்றவுடன் அபூர்வம் என்று அர்த்தமாகாது, ஏராளமாகச் செய்த பிறகு நிறுத்தியதாகவும் இருக்கலாம். 1985-ல் தொடங்கிய சேகரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களுக்கென்று வந்தவையும் அப்படித்தான், உறுப்பினர்கள் கொஞ்சமா என்ன! எண்ணிக்கை குறித்த பதிப்புகளும், பல உருவங்கள் சேர்ந்த பெரிய சிலைகளும்தான் ஓரளவு விலை நிற்பவை. பழைய பெட்டி இருந்தால் நல்லது, ஆனால் அதற்காகப் பெரிதாக ஏற்றிக் கொடுக்க வேண்டாம்.

யாராவது ‘புவென் ரெத்திரோ’ என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் கார்லோஸ் மன்னர் நேப்பிள்ஸிலிருந்து வந்து மாட்ரிட்டில் நிறுவிய அரச தொழிற்சாலை அது, 1812-ல் போரில் அழிந்தது. அதன் லில்லிப்பூ முத்திரையை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். நிபுணர் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகும் தவறு நடக்கும். கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், அடியைப் பிடியுங்கள். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். பளபளப்பில்லாத வகையை நீரில் ஊற வைக்காதீர்கள், அடியிலுள்ள துளை வழியாகவும் தண்ணீர் உள்ளே போய்விடும். விரல் உடைந்தால் ஃபெவிக்விக்கைத் தேடி ஓடாமல், உடைந்த துண்டைப் பஞ்சில் சுற்றி வைத்துச் சீரமைப்பவரிடம் கொடுங்கள். அவசரத்தில் ஒட்டியதைப் பிரித்தெடுப்பதற்கே அவர் தனியாகக் காசு கேட்பார்.