பள்ளி மைதானத்தில் நவம்பர் 5 இரவு: குடும்பங்களுக்கான ஏற்பாடுகள்

1605 ஆம் ஆண்டு நவம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்தால் தகர்க்கத் தீட்டப்பட்ட சதி முறியடிக்கப்பட்டதை நினைவுகூரும் நெருப்பு இரவை, இங்கிலாந்தில் பல பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் தங்கள் மைதானத்திலேயே நடத்துகின்றன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தீயணைப்புத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

விறகுக் குவியலைக் கட்டடங்கள், மரங்கள், வேலிகள் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும். முள்ளெலிகள் குளிருக்கு ஒதுங்க இத்தகைய குவியல்களுக்குள் புகுந்துவிடுமாதலால், சேர்த்த விறகை அன்றைய தினமே இடம் மாற்றி அடுக்கி, மூட்டுவதற்கு முன் அடிப்பகுதியை டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது. இந்தப் பொறுப்பை மாணவர்களிடம் கொடுத்தால் ஆர்வத்துடன் செய்வார்கள், பெரியவர் ஒருவர் உடனிருந்தால் போதும். பெட்ரோல் ஊற்றி மூட்டுவது கூடவே கூடாது.

ஆபத்தின் அளவைப் பொறுத்து வகை பிரிக்கப்படும் வாணவெடிகளில் மிக ஆபத்தான எஃப்4 வகை, உரிய பயிற்சி பெற்ற தொழில்முறையாளர்களுக்கு மட்டுமே உரியது; அதற்கு அடுத்த நிலையிலுள்ள எஃப்3 வகைக்குப் பார்வையாளர்கள் குறைந்தது 25 மீட்டர் விலகி நிற்க வேண்டும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் வெடியை யாரும் நெருங்கக்கூடாது.

பெரும்பாலோர் அலட்சியப்படுத்துவது கம்பி மத்தாப்பைத்தான். மிகக் கடுமையான வெப்பத்தில் எரியும் அதை ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் கொடுக்காமல், மற்றவர்களுக்குக் கையுறை அணிவித்து, எரிந்த கம்பிகளை உடனே தண்ணீர் வாளியில் போடச் செய்யுங்கள். சத்தத்துக்கு அஞ்சும் சிறுவர்களுக்காக வாணவேடிக்கையை மாலை ஆறரை மணிக்கே தொடங்கிவிடலாம். சூடான சூப்பும் சுட்ட உருளைக்கிழங்கும் விற்கும் மேசைகளை நெருப்புக்கு எதிர்ப்புறம் போட்டால் கூட்டம் தானே விலகி நிற்கும்.