காங்கரியாவில் ஓர் இரவு: நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க யாருக்கும் அனுமதி கிடையாது. காலையில் நுழைந்து மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் போகிறவர்கள் எல்லாருக்கும் இரவுத் தங்கல் காங்கரியாவில்தான். சுமார் 3,050 மீட்டர் உயரத்தில், மரங்கள் அடர்ந்த ஒரு சின்ன ஊர். ஹேம்குண்ட் சாகிப் என்ற மலைக் குருத்வாராவுக்குப் போகும் சீக்கிய யாத்ரீகர்களும் அங்கேதான் தங்குகிறார்கள்.

போன ஆகஸ்டில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ‘ரிசார்ட்’ என்று போட்டிருந்த ஒரு கூடார முகாமில் கழித்த அந்த ஒரு இரவு மனதை ரொம்பவே வாட்டிவிட்டது. முகாம்காரர்கள் மேல் தவறு இருக்கிறது. ஆனால், கேட்க வேண்டியதைக் கேட்காமல் பணம் கட்டியது நாங்கள்.

‘ரிசார்ட்’ என்றதும் ஊட்டி, கொடைக்கானல் கணக்கில் நினைத்துக்கொண்டதுதான் முதல் தவறு. பத்ரிநாத் சாலையில் கோவிந்த்காட்டில் இறங்கி, ஜீப்பில் 4 கிலோமீட்டர் போனால் புல்னா. சாலை அதோடு சரி. அதற்கு மேல் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம். காஸ் சிலிண்டர், அரிசி, மெத்தை எல்லாமே கோவேறு கழுதை முதுகில்தான் மேலே போகின்றன (இனி ‘கழுதை’ என்று நான் சொல்வதும் இதைத்தான்). இதை முன்கூட்டியே யோசித்திருந்தால் கேள்விகள் தானாக வந்திருக்கும். மின்சாரம் எத்தனை மணி வரை? வெந்நீர் குழாயில் வருமா, வாளிக்குக் காசா? கழிவறை கூடாரத்தோடு சேர்ந்ததா? மழைக்காலத்தில் படுக்கையை எப்படி உலர்த்துகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கொடுத்த ரஜாய் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்ளே கையை விட்டால் பஞ்சு சில்லென்று ஈரம். அம்மா ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். ஒரு ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் லைனரோ (உள்ளே நுழைந்து படுக்கும் துணி உறை) கனமான போர்வையோ கொண்டுபோயிருந்தால் அந்த இரவு தப்பியிருக்கும்.

அடுத்தது, பை. பெரிய பையைக் கழுதையில் ஏற்றிவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்தோம். கழுதைக்காரர் நம்மோடு நடக்க மாட்டார்; அவருக்கு அவர் வேகம். நாங்கள் நாலு மணிக்குச் சேர்ந்தோம், பை ஏழரைக்கு வந்தது, மழையில் ஊறிப்போய். பைக்கு மேலே உறை போட்டால் போதாது, கயிறு இறுக்கும்போதே கிழிந்துவிடும். துணிகளை உள்ளேயே பிளாஸ்டிக் பைகளில் கட்டி வையுங்கள். மாத்திரை, டார்ச், ஒரு ஜோடி காய்ந்த துணி, ரொக்கம் நான்கும் உங்கள் தோளில் இருக்கட்டும்.

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அம்மாவுக்காகப் பிடித்த கழுதையைச் சரியாகப் பார்க்காமல் ஏற்றிவிட்டேன். எங்கள் கூடாரத்துக்குப் பின்னால்தான் இரவில் கழுதைகளைக் கட்டியிருந்தார்கள். மணிச் சத்தமும் சாண நாற்றமும் தாங்காமல் டார்ச்சோடு எழுந்து போனேன். அம்மா ஏறி வந்த கழுதையின் முதுகில், சேணம் உட்காரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்தது. அன்று பட்ட புண் இல்லை. ஓரமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது. அது மழையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றுகொண்டிருந்தது.

ஏறுவதற்கு முன் சேணத்துக்குக் கீழே இருக்கும் துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுவார்கள். புண் இருந்தாலோ, நொண்டினாலோ, வேறு கழுதை கேளுங்கள். சுமைக்கும் வேலை நேரத்துக்கும் சட்டமே இருக்கிறது. சுமை விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி கோவேறு கழுதைக்கு 200 கிலோ, மட்டக்குதிரைக்கு 70 கிலோதான் உச்ச வரம்பு. ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு தராமல் 5 மணி நேரத்துக்கு மேல் நடத்தக் கூடாது. 200 கிலோ என்பது வரம்புதான், ஈரப் படிக்கட்டில் அவ்வளவு ஏற்ற வேண்டியதில்லை. ஆளோடு சேர்த்துப் பையையும் அதே கழுதையில் திணிக்காதீர்கள். வழியில் தண்ணீர்த் தொட்டி வந்தால், அது குடித்து முடிக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள். கழுதைக்காரரைத் திட்டியும் பயனில்லை. பெரும்பாலும் அந்த நாலைந்து மாத வருமானத்தில்தான் அவர் குடும்பம் ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். வாடகையில் பேரம் பேசிக் குறைத்தால், அதை ஈடுகட்ட அவர் கழுதையை இன்னும் கூடுதல் தடவை ஏற்றி இறக்குவார்.

நடப்பவர்களுக்கு ஒன்று: எதிரே கழுதை வந்தால் மலைச் சுவரை ஒட்டி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது. சுமை இடித்தால் கீழே ஆறுதான்.

உயரத்தை நாங்கள் சட்டை செய்யவில்லை. ரிஷிகேஷிலிருந்து ஒரே நாளில் ஜோஷிமட், மறுநாளே காங்கரியா. அம்மாவுக்கு இரவில் தலைவலி, குமட்டல். ஜோஷிமட்டில் ஒரு நாள் கூடுதலாக இருந்திருக்க வேண்டும். தலைவலியோடு 4,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹேம்குண்டுக்கு ஏறவே ஏறாதீர்கள். குறையாவிட்டால் கீழே இறங்குவதுதான் மருந்து. அதே போல, பூக்கள் நிறைந்திருக்கும் ஜூலை, ஆகஸ்டில்தான் மண்சரிவும் அதிகம். திரும்பும் ரயிலுக்கு முன்னால் ஒரு நாளாவது கையில் வையுங்கள்.

மறுநாள் அம்மாவுக்குத் தலைவலி விட்டிருந்தது. பூக்களைப் பார்க்காமலே இறங்க முடிவு செய்தோம். பள்ளத்தாக்குக்குள் கழுதைக்கு அனுமதியும் இல்லை, நடக்க அவருக்குத் தெம்பும் இல்லை. இறங்கும்போது கழுதை வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். பழைய கழுதைக்காரரிடம் புண்ணுக்கு மருந்து வாங்கக் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். புல்னா சேர ஆறு மணி நேரம் ஆயிற்று.