ரப்பர் மீன்களுக்கும் தனித்தனி பந்தி

மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் வீடு ஒரு ரூம், ஒரு கிச்சன். அதில் என் தூண்டில் சாமான்களுக்கு வீட்டுக்காரி ஒதுக்கியிருப்பது கட்டிலுக்கு அடியில் ஒரு முழ இடம். நிஜ இரைக்குப் பதிலாகத் தூண்டில் முள்ளில் மாட்டும் ரப்பர் மீன், ரப்பர் புழு எல்லாம் ஏறக்குறைய நாற்பது பாக்கெட் அதற்குள் கெடாமல் இருக்கின்றன. நான்கு வருஷத்துக்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்திருந்தேன்.

மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வாஷி கழிமுகத்துக்குப் போனோம். பெட்டியைத் திறந்தால் வெள்ளை ரப்பர் மீன்கள் அடியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றைப் பிய்த்து எடுத்தேன். ஈர சிமெண்டில் யாரோ மீனை அழுத்தி வைத்த மாதிரி, பெட்டியின் அடியில் வாலும் வயிற்று வரிகளும் அச்சாகக் கிடந்தன. பக்கத்தில் கிடந்த லூரின் (கெட்டியான போலி மீன்) பெயிண்ட் கையில் பிசுபிசுவென்று வந்தது. கூட வந்த அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ரப்பர்தானேன்னு போட்டு வச்சீரோ?" என்று கேட்டார்.

ரப்பர் என்று வாய் சொன்னாலும் பெரும்பாலும் அது பிவிசி. பிவிசி பவுடரோடு பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் மாதிரியான திரவத்தைக் கலந்து, சூடாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். மீன் வளைந்து நெளிவதே அந்த எண்ணெயால்தான். ஆனால் அது உள்ளேயே அடங்கி இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் இறங்கும். பாலிஸ்டைரீன் பெட்டி, லூரின் பெயிண்ட் எல்லாம் இளகுவது இதனால்தான். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் இரண்டும் தாங்கும். பெட்டி வாங்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 5 இருந்தால் பாலிப்ரொப்பிலீன், தைரியமாக வாங்கலாம். 6 என்றால் பாலிஸ்டைரீன், ஊசி நூல் வைத்துக்கொள்ளலாம். நம்பரே இல்லையென்றால், வாலறுந்த ஒரு மீனை அதற்குள் போட்டு இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள்.

சரி, பெட்டி தேவையா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை தேவையில்லை. ரப்பர் மீன் கடையிலிருந்து வந்த ஜிப் பாக்கெட்டை விட நல்ல இடம் அதற்குக் கிடையாது. பாக்கெட்டின் தலையில் கடையில் மாட்டுவதற்கென்று ஒரு ஓட்டை இருக்குமே, அதில் பெரிய ஸ்டீல் வளையத்தைக் கோத்துவிடுகிறேன். பெட்டிக்கடையில் ஷாம்பூ பாக்கெட் தொங்குகிற மாதிரி எட்டு, பத்து பாக்கெட் ஒரு வளையத்தில் நிற்கும். கிளம்பும்போது ஒரு வளையத்தைப் பையில் போட்டால் போதும், ஹார்பர் லைன் ரயில் கூட்டத்தில் பெட்டியோடு இடிபட வேண்டியதில்லை.

வளையத்தைக் கம்பெனி வாரியாகப் பிரிப்பவர்கள் உண்டு. நான் தண்ணீர் வாரியாகப் பிரிக்கிறேன். கழிமுகத்துக்கு ஒரு வளையம்: கலங்கல் தண்ணீரில் நிழல் தெரியும்படி கறுப்பு, கண்ணில் குத்தும் எலுமிச்சைப் பச்சை, 4 இன்ச். இங்கே ஜிதாடா என்கிறார்களே, நம் கொடுவா மீன், அதற்குத்தான் இது. பாந்த்ரா பாறைக்கு இன்னொரு வளையம்: தெளிந்த நாளுக்கு வெள்ளையும் வெள்ளியும், 3 இன்ச். எந்தப் பாக்கெட்டுக்கு எத்தனை கிராம் ஜிக் ஹெட் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) என்று மார்க்கரில் வெளியே எழுதிவிடுவேன். இருட்டில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு யோசிக்க முடியாது.

ஒரே பாக்கெட்டில் இரண்டு நிறம் போடாதீர்கள். கறுப்பின் சாயம் வெள்ளையில் ஏறிவிடும், கழுவினாலும் போகாது. அதைவிட முக்கியம் ஜாதி கலக்காமல் இருப்பது. (இந்த ஒரு விஷயத்தில் மட்டும்!) இசட்மேன் கம்பெனி மீன்கள் பிவிசி இல்லை, டிபிஇ என்ற வேறு பொருள். இழுத்தால் ஜவ்வு மிட்டாயாக நீளும், தண்ணீரில் மிதக்கும். அதையும் பிவிசியையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் உருகிக் கூழாகும். பெர்க்லி கம்பெனியின் கல்ப் வகை இன்னொரு தனி ரகம். அதில் இருப்பது தண்ணீர், அதன் சாற்றிலேயே ஊற வேண்டும். ஜிப்பைச் சரியாக மூடாமல் விட்டால் சுருங்கி, வற்றலாகக் கடினமாகிவிடும்.

அடுத்தது வால். துடுப்பு வால் மடங்கிவிட்டால் மீன் நீந்தாது, சும்மா இழுபடும். பாக்கெட்டுக்குள்ளே மீன் வடிவில் குழிந்த அச்சுத் தட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், வாலைக் காப்பதே அதுதான். வால் மடங்கிவிட்டதா? வெந்நீரில் அரை நிமிஷம் முக்கி, நிமிர்த்தி, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், நிமிர்ந்தபடியே இறுகும். இதற்கென்று தனிப் பாத்திரம் வேண்டும். ஒருமுறை பால் காய்ச்சும் சட்டியை எடுத்துவிட்டேன். மறுநாள் காப்பி கிடைக்கவில்லை.

முதலில் எல்லாம் பரணில்தான் இருந்தது. மேலே தகர ஷீட், மே மாதச் சூட்டில் பாக்கெட்டுக்குள் எண்ணெய் கசிந்து நின்றது. ஸ்கூட்டர் டிக்கியும் அதே கதைதான். அப்புறம் எலி. பூண்டு வாசனை போட்ட புழுக்கள் இருந்த பாக்கெட்டைத்தான் தேடிப் பிடித்துக் குதறியிருந்தது, பக்கத்தில் இருந்த வாசனையில்லாத பாக்கெட்டைத் தொடவில்லை. இப்போது வளையங்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் ஒரு தகர பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன.

ஜிக் ஹெட்டை மீனில் குத்தியபடியே விடக்கூடாது. முள் துருப்பிடித்து மீனில் கறை ஏறும். மும்பை மழைக்காலத்துக்கு அது இரண்டு நாள் வேலை. முட்கள் தனி டப்பாவில், கூட இரண்டு சிலிக்கா ஜெல் பை.

திரும்பி வந்ததும், உபயோகித்த மீன்களைப் புது பாக்கெட்டில் போடாதீர்கள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போதும் மொத்தத்தையும் கெடுக்க. நல்ல தண்ணீரில் அலசி, ஜன்னல் கம்பியில் துணி கிளிப் மாட்டித் தொங்கவிடுவேன். துடுப்பு வாலைக் கிளிப்பில் கவ்வ வேண்டாம், மூக்கில் மாட்டுங்கள். காய்ந்ததும் 'இரண்டாம் பந்தி' என்று எழுதிய பாக்கெட்டுக்குப் போகும், அங்கும் டிபிஇ தனி. பேத்தை மீன் கடித்து வால் போனவை சட்டைப் பையிலேயே வீட்டுக்கு வந்துவிடும், ஒன்றும் கழியில் விழாது.