கடை வேலையை விட்டுப் படிக்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தியாகராய நகர் ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவில் நாலே கால் ஆண்டு நின்றவள் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பு மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் எல்லார் முன்பும் திட்ட, அன்றே கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். படிக்கப் போனது சரி. போன விதம்தான் தவறு.

கடை விடுதியில் தங்கி, கடைச் சாப்பாட்டில் காலம் தள்ளும் நம்மைப் போன்றவர்கள் வேலையை விட்டால் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. அன்றிரவு படுக்க இடமும் இல்லை. பெட்டியோடு எழும்பூர் ரயில் நிலையத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஐந்து ஆண்டு நிறைந்திருந்தால், ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைத்திருக்கும். ஒன்பது மாதம் பொறுக்காமல் அதை விட்டேன். வருங்கால வைப்பு நிதியையும் அவசரப்பட்டுத் துடைத்து எடுக்காதீர்கள். அதிலுள்ள ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டு பணிக்காலம் வேண்டும், படித்த பிறகு சேரும் வேலையிலும் அந்தக் கணக்கு தொடரும்.

அதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக முதன்முறை பத்தாம் வகுப்பு எழுதுபவர் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து, 80 சதவீத வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். நான் விசாரித்தபோது பதிவு முடிந்திருந்தது. ஓர் ஆண்டு முழுக்கப் போயிற்று. கடையில் இருந்தபடியே ஒரு விடுப்பு நாளில் அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போய்க் கேட்டிருக்கலாம். மாற்றுச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, அதில் பிறந்த தேதி ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்பதையும் அப்போதே பார்த்திருக்கலாம்.

பில் போடும் இடத்தில் இருந்த அக்கா வேறு விதமாக ஏமாந்தார். பத்தும் பிளஸ் டூவும் இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கினார். தமிழக அரசு வேலைக்கு அந்த வரிசை கட்டாயம் என்பது விண்ணப்பிக்கப் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டு உழைப்பு அது, நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. குறுக்குவழி காட்டும் முகவரிடம் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்.

யாரும் சொல்லாத ஒன்று, எழுதும் கை. மீட்டர் கணக்கும் தள்ளுபடிக் கணக்கும் எனக்கு மனதிலேயே வரும். ஆனால் முதல் மாதிரித் தேர்வில் அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிட்டது. தேர்வோ மூன்று மணி நேரம். நான்கு ஆண்டுகளாகச் சேலை மடித்த கை, பேனா பிடித்ததே அபூர்வம். அதன்பின் தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து தமிழ்ப் பாடத்தில் நான்கு பக்கம் பார்த்து எழுதினேன். இரண்டு மாதத்தில் எழுத்து நேரானது. விடுதியில் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.