புரொஜெக்டர் வெப்பத்திலிருந்து பிலிமைக் காப்பாற்றுவது எப்படி

ஓடும் படம் கருகுவதைத் திரையில் ஒருமுறை பார்த்தவர் அதை மறக்கமாட்டார். அசைந்துகொண்டிருந்த உருவம் சட்டென்று நிற்கும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும். அது நுரைத்துப் பொங்கி, ஓரம் கறுத்து விரிந்து, அடுத்த கணத்தில் திரை வெறும் வெள்ளையாகிவிடும். இலங்கையின் கிழக்கில், கல்முனைப் பக்கத்துத் திரையரங்கு ஒன்றில் ஒப்பரேட்டருக்கு உதவியாளாக நின்ற நாள்களில் நான் முதன்முதலாக அதைக் கண்டேன். கருகிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கின் சூடு அதிகம் என்று சொன்னேன். எனக்குத் தொழில் பழக்கிய காக்கா (அண்ணன்), "தம்பி, விளக்கு எப்பயும் சுடத்தான் செய்யும். படம் ஏன் நிண்ட எண்டு பாரு" என்றார். பார்த்தபோது, பிலிமின் மேல் ஒளி விழும் வாசலான கேற்றின் கீழிருக்க வேண்டிய லூப்பு, அதாவது பிலிமின் தளர்ந்த வளைவு, முற்றாகச் சிறுத்துப் போயிருந்தது.

அவர் சொன்னதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. திரையரங்குகள் டிஜிட்டலுக்கு மாறிய பின்னர் பிலிம் ஓட்டத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். ஆனாலும் பாடசாலைக் களஞ்சியங்களிலும் வீட்டுப் பரண்களிலும் கிடக்கும் 16 மி.மீ. கருவிகளை எடுத்துத் துடைத்து ஓட்டிப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு பிரதி இல்லாத ஒரு சுருள். அதில் ஒரு சட்டம் (பிரேம், அதாவது பிலிமிலுள்ள ஒரு தனிப்படம்) கருகினாலும் அதை மீட்க வழியில்லை.

முதலில் கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு செக்கனுக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு சட்டமும் கேற்றில் ஒளி விழும் இடத்துக்கு இழுக்கப்பட்டு, ஒரு கணம் நின்று, பிறகு நகர்கிறது. சுழலும் ஷட்டர் அந்த நேரத்தில் ஏறத்தாழ அரைவாசியை மறைத்துவிடுவதால், ஒரு சட்டத்தின் மேல் ஒளி விழுவது ஏறக்குறைய 1/48 செக்கன் மட்டுமே. இனி, ஷட்டர் சுழன்றுகொண்டிருக்க பிலிம் மட்டும் ஒரு செக்கன் சிக்கி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சட்டம் 24 மடங்கு வெப்பத்தை வாங்குகிறது. ஷட்டரும் திறந்தபடியே நின்றுவிட்டால் 48 மடங்கு. வெப்பத்தைத் தடுக்கும் எந்தக் கண்ணாடியும் எந்த விசிறியும் இதனை ஈடுசெய்யாது. ஆகவே பிலிமின் முதலாவது காவல் அதன் ஓட்டமே. வெப்பத்தைக் குறைப்பது அதற்கு அடுத்த வேலை.

ஓட்டம் தடைப்படாமல் பார்த்துக்கொள்ளல்

படம் ஓட்டுவதற்கு முதல்நாளே சுருள் முழுவதையும் கையால் சுற்றிப் பாருங்கள். பருத்திக் கையுறை அணிந்து, பிலிமின் இரு ஓரங்களையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் றீலைச் சுற்றினால், கிழிந்த ஓரத்துளையும் தூக்கி நிற்கும் ஒட்டும் கண்ணுக்கு முன்னர் விரலுக்குத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்துக்கு வந்துசேர்ந்த பிரதிகள் பெரும்பாலும் வேறு ஊர்களில் பலமுறை ஓடித் தேய்ந்தவையாக இருந்தபடியால், இந்த ஒரு பழக்கம் எத்தனையோ இரவுகளில் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய ஒட்டு விறைத்திருந்தால் அதை வெட்டிப் புதிதாக ஒட்டுங்கள். அசற்றேற்றுப் பிலிமுக்குப் பசை ஒட்டும் போதும். பொலியெஸ்ரர் பிலிமை அந்தப் பசை பிடிக்காது, அதற்கென உள்ள ஒட்டுநாடாவையே பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது கேற்று. பிலிமின் பூச்சிலிருந்து உரியும் துகள் கேற்றின் தண்டவாளங்களில் சேர்ந்து, வெப்பத்தில் இறுகி, சிறிய கல்போல ஆகிவிடும். அது பிலிமைக் கீறுவதோடு நில்லாமல் பிடித்தும் வைக்கும். ஒவ்வொரு றீலுக்கும் இடையில் கேற்றைத் திறந்து, வில்லையின் (லென்ஸின்) பக்கமும் அழுத்தத் தட்டின் பக்கமும் துடையுங்கள். இறுகிய துகளைச் சுரண்ட மூங்கில் சீவலை வைத்திருங்கள். கத்தியோ சவரத் தகடோ உலோகத்தில் கீறலை உண்டாக்கும், அந்தக் கீறலில் அடுத்த முறை துகள் இன்னும் விரைவாகப் பிடிக்கும். கடற்காற்று வீசும் கல்லடி, காத்தான்குடி, திருக்கோவில் போன்ற இடங்களில் தண்டவாளத்தில் நுண்ணிய துருவும் ஏறும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த கருவியாக இருந்தால், நல்ல படத்தை ஏற்றுவதற்கு முன்னர் பயனற்ற பிலிம் துண்டு ஒன்றைச் சில நிமிடங்கள் ஓட்டி, அதில் கோடு விழுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

லூப்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பற்சில்லு பிலிமைத் தொடர்ச்சியாகத் தள்ளுகிறது. கேற்றில் அது விட்டுவிட்டு இழுக்கப்படுகிறது. இந்த இரண்டு வகை அசைவுக்கும் இடையில் தளர்வாக நிற்பதுதான் லூப்பு. அது சிறுத்தால், படம் மேலும் கீழும் துள்ளத் தொடங்கும். கேற்றிலிருந்து "டக டக" என்ற ஓசை கேட்கும். பல 16 மி.மீ. கருவிகளில் லூப்பின் அளவைக் காட்டும் கோடு உடலிலேயே வரையப்பட்டிருக்கும். அந்தக் கோட்டை நம்புங்கள். ஏற்றி முடிந்ததும் விளக்கைப் போடாமல், கையால் குமிழைத் திருப்பி, பத்துப் பதினைந்து சட்டங்களை ஓடவிட்டு, மேல் லூப்பும் கீழ் லூப்பும் தம் அளவில் நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே மோட்டரைப் போடுங்கள். ஓடும்போது அந்த ஓசை கேட்டால், லூப்பைச் சரிசெய்ய முயல்வதற்கு முன்னர் விளக்கை நிறுத்துங்கள். கைக்கு முதலில் வரவேண்டியது விளக்கின் சுவிச்சு.

இதே ஒழுங்கு தொடக்கத்துக்கும் முடிவுக்கும் பொருந்தும்: மோட்டர் முழு வேகத்தை எட்டிய பிறகு ஒளி, ஒளியை மறைத்த பிறகு மோட்டரை நிறுத்தல். 35 மி.மீ. கருவிகளில், வேகம் குறைந்தவுடன் தானாக விழுந்து ஒளியை அடைக்கும் பாதுகாப்பு மறைப்பு ஒன்று உண்டு. பழைய கருவிகளில் எண்ணெய் காய்ந்து, அது பாதி வழியில் ஒட்டிக்கொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன். விளக்கையும் போடாமல், பிலிமையும் ஏற்றாமல், மோட்டரை முழு வேகத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். வேகம் தணியும்போதே மறைப்பு தயக்கமின்றி விழ வேண்டும். விழாவிட்டால், அது சரியாகும் வரை அந்தக் கருவியில் படம் ஓட்டுவது கூடாது.

மின்சாரமும் இதில் சேர்ந்தது. மின் துண்டிக்கப்பட்டால் விளக்கும் மோட்டரும் ஒன்றாகவே நிற்கும் என்பதால் அந்த நேரத்தில் ஆபத்தில்லை. மின் திரும்பி வரும் கணத்தில்தான் ஆபத்து. மோட்டர் வேகமெடுப்பதற்குள் விளக்கு எரிந்துவிடும். ஆகவே இருட்டானவுடன் விளக்கின் சுவிச்சை அணைத்துவிடுங்கள். கோயில் திருவிழா முற்றத்திலோ பாடசாலை மைதானத்திலோ ஜெனரேற்றரில் ஓட்டுவோர், வேறு சுமை ஏறும்போது ஜெனரேற்றரின் வேகம் விழுகிறதா என்று கவனிக்க வேண்டும். அது விழுந்தால் மோட்டரும் தளரும், ஒவ்வொரு சட்டமும் ஒளியில் நிற்கும் நேரம் கூடும். மோட்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கடத்தும் பட்டி தளர்ந்திருந்தாலும் இதே கேடுதான். பட்டி நழுவும்போது விளக்கு மட்டும் முழுப் பலத்தோடு எரிந்துகொண்டிருக்கும்.

வெப்பத்தைக் குறைத்தல்

பிலிமைச் சுடுவதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத கீழ்ச்செந்நிறக் கதிருக்கு உண்டு. படம் தெரிவதற்கு அது தேவையே இல்லை. அதைப் பிரித்து விலக்குவதற்காகவே விளக்குக்குப் பின்னால் உள்ள குழிவாடியில் விசேட பூச்சு பூசப்பட்டிருக்கிறது: கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது முன்னோக்கித் திருப்பும், வெப்பக் கதிரைத் தன் பின்னால் கடந்துபோக விடும். பல 16 மி.மீ. கருவிகளில் உள்ள 24 வோல்ற்று, 250 வாற்று ஹலஜன் விளக்கும் இத்தகைய ஆடியோடு சேர்ந்தே வருகிறது. கடையில் அதே வோல்ற்று, அதே வாற்று என்று சொல்லி, பளபளக்கும் உலோக ஆடி உள்ள வேறு விளக்கைத் தந்தால் வாங்கவேண்டாம். அது வெப்பம் முழுவதையும் பிலிமின் மேல் கொண்டுவந்து கொட்டும். வேறுபாட்டை அறிவது இலகு: சரியான ஆடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிறச் சாயலோடு ஓரளவு ஊடாகத் தெரியும், உலோக ஆடி முற்றாக இருட்டாக இருக்கும்.

சில கருவிகளில் விளக்குக்கும் கேற்றுக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் தடித்த கண்ணாடி ஒன்று இருக்கும். திரையில் வெளிச்சம் போதவில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்ட கருவிகள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளிச்சம் போதாவிட்டால் வில்லையைத் துடையுங்கள், இல்லையேல் திரையைச் சிறிதாக்குங்கள். அந்தக் கண்ணாடி வெடித்திருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது, அது சூட்டில் விரிய இடம் இருக்கும்படி சட்டகத்தில் சற்றுத் தளர்வாகவே வையுங்கள்.

செனன் விளக்கோ காபன் வில்விளக்கோ உள்ள 35 மி.மீ. கருவிகளில் ஒளிக் குவியத்தைச் சரிபார்ப்பது முக்கியம். பிலிம் இல்லாமல் ஒளியைத் திரையில் விழுத்திப் பாருங்கள். நடுவில் கண் கூசும் வெள்ளையும் மூலைகளில் மங்கலும் இருந்தால், வெப்பமும் அதே நடுப்புள்ளியில்தான் குவிகிறது. ஒளி திரை முழுவதும் பரவும் வரை ஆடியையோ விளக்கையோ சிறிது சிறிதாக நகர்த்துங்கள். செனன் விளக்கின் குமிழுக்குள் வாயு குளிர்ந்த நிலையிலும் உயர் அழுத்தத்தில் இருப்பதால், முகக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் விளக்குப் பெட்டியைத் திறக்கவே கூடாது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தனிக் கவனம் தேவை. அதன் உருவம் வெள்ளித் துகளால் ஆனது; வெள்ளி கீழ்ச்செந்நிறக் கதிரையும் உறிஞ்சிக்கொள்ளும். நிறப்படத்தின் சாயங்கள் அந்தக் கதிரைப் பெரும்பாலும் கடந்துபோக விடுகின்றன. எனவே நிறப்படத்துக்குப் பொருந்திய விளக்கில் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஏற்றினால், சட்டத்தின் நடுப்பகுதி சூட்டில் புடைத்து, படத்தின் கூர்மை வந்து வந்து போகும். வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் கூர்மை நிலைக்கவில்லை என்றால் அது வில்லையின் பிழையன்று, பிலிம் உங்களுக்குத் தரும் முன்னறிவித்தல். உடனே விளக்கின் மின்னோட்டத்தைக் குறையுங்கள்.

கச்சானும் மாரியும்

எங்கள் பக்கத்தில் ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் காற்றைப் பற்றி எந்தக் கருவியின் கைந்நூலிலும் எழுதியிருக்காது. மேற்கிலிருந்து வரும் அந்த உலர்ந்த அனல் தகரக் கூரையின் கீழுள்ள புரொஜெக்டர் அறையை அடுப்பாக்கிவிடும். விளக்குப் பெட்டியின் சூட்டை வெளியேற்றும் குழாயின் வாய் மேற்கே பார்த்திருந்தால், காற்று அந்தச் சூட்டை அப்படியே உள்ளே திருப்பித் தள்ளும். ஒரு மெல்லிய கடதாசித் துண்டை விளக்குப் பெட்டியின் பக்கத்தில் குழாய்க்குள் போகும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். அது உள்ளே இழுபட வேண்டும். இழுபடாமல் ஆடினாலோ வெளியே தள்ளுண்டாலோ, குழாயின் வாயை வேறு திசைக்கு வளைத்து, அதற்கு ஒரு மூடி போடுங்கள். செனன் விளக்கு ஓசோனையும் உண்டாக்குவதால், இந்தக் குழாய் ஒப்பரேட்டரின் சுவாசத்துக்கும் தேவையானது.

மாரிக்காலத்தில் சிக்கல் வேறு. பிலிமின் பூச்சு ஈரத்தை உறிஞ்சி மென்மையாகி, சூடான கேற்றில் ஒட்டிக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் வைத்த தகரப் பெட்டியை உடனே திறக்காமல், மூடியபடியே சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால் அசற்றேற்று அடி சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அத்தகைய பிலிம் சுருங்கி, அதன் துளைகள் பற்களோடு பொருந்தாமல் போகும், கேற்றில் சிக்கும். அதை ஓட்டாமல், மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து வைத்து, டிஜிட்டலாகப் பிரதியெடுக்க வழி தேடுங்கள்.

எளிதில் தீப்பற்றும் பழைய வகையான நைத்திரேற்றுப் பிலிமைப் பற்றி ஒரே ஒரு சொல்: ஓட்டாதீர்கள். 1950களின் தொடக்கத்துக்கு முற்பட்ட 35 மி.மீ. சுருள் ஒன்று கிடைத்து, அதன் ஓரத்தில் ஆங்கில எழுத்தில் "சேஃப்டி" என்ற சொல் இல்லாவிட்டால், அது நைத்திரேற்று என்றே கருதுங்கள். அது எரிவதற்குத் தேவையான ஒட்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் தண்ணீரும் மண்ணும் அதை அணைக்கமாட்டா. அதன் புகையும் நஞ்சு.

எல்லாக் கவனத்தையும் மீறி ஒரு சட்டம் கருகிவிட்டால், விளக்கை அணைத்து, கேற்று ஆறும் வரை பொறுங்கள். சூட்டோடு இழுத்தால் உருகிய பகுதி தண்டவாளத்தில் ஒட்டி, நல்ல சட்டங்களையும் கிழிக்கும். பின்னர் கருகிய பகுதியைச் சட்டக் கோட்டில் நேராக வெட்டி ஒட்டுங்கள். 16 மி.மீ. பிலிமில் ஒலித்தடம் படத்துக்கு 26 சட்டங்கள் முன்னால் ஓடுவதால், அந்த ஒட்டின் இடத்தில் படமும் ஒலியும் ஒரே நேரத்தில் தாவாது; அதை வேறு பழுதென்று எண்ணவேண்டாம். இரவின் கடைசி றீல் முடிந்து விளக்கு அணைந்த பின்னும் விசிறியைப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அந்த நேரத்தில் கேற்றைத் துடைத்து, மூங்கில் சீவலை அதன் இடத்தில் வைத்து, றீலைத் திருப்பிச் சுற்றி முடிக்கலாம்.